கூட்டுக் கொள்கையும் தேச நலனும்: மைசூர் வரலாறு தரும் பாடம்

அண்டை நாடுகள் ஒன்றுசேர்ந்து ஒரு வட்டாரக் கூட்டமைப்பை ஏற்படுத்திக்கொள்ளும்போது ஒரு பழைய சிக்கல் அவற்றை எதிர்நோக்குகிறது. வெளியுலகத்தை ஒரே குரலில் அணுகினால் உறுப்பு நாடுகள் அனைத்துக்கும் நன்மை உண்டு. ஆயினும், அந்த ஒரே குரலுக்காக ஒவ்வொரு நாடும் தன் விருப்பத்தில் ஒரு பகுதியை விட்டுக்கொடுத்தாக வேண்டும். எவ்வளவு விட்டுக்கொடுப்பது? சுமையை யார் தாங்குவது? ஓர் உறுப்பினர் தனியே பேரம் பேசி விலகிக்கொண்டால் எஞ்சியவர்களின் நிலை என்ன? இவ்வினாக்களுக்கு முன்கூட்டியே விடை காணாத கூட்டமைப்புகள் நெருக்கடி நேரத்தில் செயலிழந்து விடுகின்றன.

ஐரோப்பிய ஒன்றியம், ஆசியான், சார்க் ஆகிய அமைப்புகளை ஒட்டியே இச்சிக்கல் பெரும்பாலும் ஆராயப்படுகிறது. ஆனால் 240 ஆண்டுகளுக்கு முன்னரே தென்னிந்திய அரசுகள் இதே சிக்கலைச் சந்தித்தன. இன்றைய மைசூருவிலிருந்து சுமார் 15 கிலோமீட்டர் தொலைவில், காவிரித் தீவில் அமைந்துள்ள ஸ்ரீரங்கப்பட்டணம் அன்று மைசூர் அரசின் தலைநகராக விளங்கியது. அங்கிருந்தும், புனே, ஐதராபாத் நகரங்களிலிருந்தும் 1780-ஆம் ஆண்டு முதல் 1800 வரை மேற்கொள்ளப்பட்ட முடிவுகள், கூட்டுக் கொள்கை எங்கே உறுதிபெறுகிறது, எங்கே முறிகிறது என்பதைத் தெளிவாகக் காட்டுகின்றன.

கூட்டணி உருவான சூழ்நிலை

கிழக்கிந்தியக் கம்பெனியின்மீது மூன்று அரசுகளுக்கும் குறை இருந்தது. ஆனால் ஒவ்வொன்றின் குறையும் வேறு. மைசூரின் குறை 1769-ஆம் ஆண்டுச் சென்னை உடன்படிக்கையிலிருந்து தொடங்கியது. தாக்குதல் நேரும்போது ஒருவருக்கொருவர் உதவுவது என்பது அதன் முக்கிய விதி. அடுத்த ஓரிரு ஆண்டுகளிலேயே மராத்தியப் படைகள் மைசூருக்குள் புகுந்தன; கம்பெனியின் உதவி ஐதர் அலிக்கு வரவில்லை. தமது பாதுகாப்பில் உள்ளதாக அவர் கருதிய மாஹே துறைமுகத்தைப் பிரெஞ்சுக்காரரிடமிருந்து 1779 மார்ச்சில் கம்பெனி கைப்பற்றியது, அவரது சினத்தை முற்றச் செய்தது.

புனே அரசின் குறை வேறு வகையானது. பேஷ்வா பதவிக்கு உரிமை கொண்டாடிய ரகுநாதராவுக்குக் கம்பெனி ஆதரவளித்ததால், 1775 முதல் மராத்தியர் போரில் ஈடுபட்டிருந்தனர். ஐதராபாத் நிஜாமுக்கோ குண்டூர் பகுதியே பிரச்சினை. நிஜாமின் சகோதரர் பசாலத் ஜங் வசமிருந்த அப்பகுதியைச் சென்னை அரசு அவரிடமிருந்து நேரடியாகவே பெற்று, ஆர்க்காட்டு நவாபுக்குக் குத்தகைக்கு விட்டது. தம்மைக் கலக்காமல் தம் குடும்பத்தவருடன் உடன்பாடு செய்துகொண்டதை நிஜாம் அவமதிப்பாகக் கருதினார்.

இந்தக் குறைகள் ஒன்றிணைந்து 1780-ஆம் ஆண்டின் தொடக்கத்தில் கூட்டணியாக உருப்பெற்றன. புனேயில் நானா பட்னாவிஸ், ஐதராபாத்தில் நிஜாம் அலி கான், ஸ்ரீரங்கப்பட்டணத்தில் ஐதர் அலி, நாகபுரியில் போன்ஸ்லே ஆகியோர் அதில் இடம்பெற்றனர். கிருஷ்ணை நதிக்குத் தெற்கே ஐதர் கைப்பற்றியிருந்த பகுதிகளை மராத்தியர் ஏற்றுக்கொண்டனர். பணிகளும் பகிர்ந்தளிக்கப்பட்டன. மேற்கில் மராத்தியர் போரைத் தொடர்வது, கருநாடகப் பகுதியில் ஐதர் படையெடுப்பது, வட சர்க்கார் மாவட்டங்களை நிஜாம் தாக்குவது, வங்காளத்தை நாகபுரிப் படை அச்சுறுத்துவது என்பது திட்டம். சென்னை, பம்பாய், கல்கத்தா ஆகிய மூன்று மையங்களும் ஒரே சமயத்தில் நெருக்கப்பட்டால், ஒன்று மற்றொன்றுக்கு உதவ இயலாது என்ற கணிப்பு தவறானதன்று.

கூட்டணி கலைந்த விதம்

ஐதர் தம் பங்கை நிறைவேற்றினார். 1780 ஜூலையில் அவரது பெரும்படை மலைத்தொடரைக் கடந்து கருநாடகச் சமவெளியில் இறங்கியது. செப்டம்பர் 10-ஆம் நாள் காஞ்சிபுரத்தை அடுத்த பொள்ளிலூரில் கர்னல் பெய்லியின் படைப்பிரிவு முறியடிக்கப்பட்டது. ஆண்டு முடிவதற்குள் ஆர்க்காடு ஐதர் வசமாயிற்று. சென்னை அரசு நிலைகுலைந்தது.

கல்கத்தாவிலிருந்த தலைமை ஆளுநர் வாரன் ஹேஸ்டிங்ஸ் இந்நெருக்கடியை இரு வழிகளில் எதிர்கொண்டார். ஒன்று, சர் அயர் கூட்டின் தலைமையில் படையும் பணமும் கடல் வழியாகச் சென்னைக்கு அனுப்பப்பட்டன. மற்றொன்று, கூட்டணியின் உறுப்பினர்களை ஒவ்வொருவராகத் தனித்தனியே அணுகுவது. இரண்டாவது வழியே இக்கட்டுரையின் நோக்கில் முக்கியமானது.

நிஜாமுக்குக் குண்டூர் திருப்பியளிக்கப்பட்டது. அவரது குறை தீர்ந்தது. வட சர்க்கார்மீது படையெடுப்பு நிகழவில்லை. நாகபுரிப் படை ஒரிசாவின் கட்டாக் வரை வந்து தங்கியது. பல லட்சம் ரூபாய் பெற்றுக்கொண்டு மேலே செல்லாமல் நின்றது. அதே ஒரிசா வழியாகவே 1781-இல் கர்னல் பியர்ஸின் வங்காளப் படை தடையின்றித் தெற்கே நடந்து சென்னைக்கு உதவியாக வந்து சேர்ந்தது. கூட்டணியின் ஓர் உறுப்பினர் காவல் காக்க வேண்டிய சாலையில், மற்றோர் உறுப்பினரைத் தாக்கும் படை நடந்து சென்றது.

அடுத்து மராத்தியர்களுக்குள்ளேயே பிளவு நேர்ந்தது. குவாலியர் கோட்டையை இழந்திருந்த மஹாதஜி சிந்தியா, 1781 அக்டோபரில் கம்பெனியுடன் தனி உடன்பாடு செய்துகொண்டு, புனேக்கும் கம்பெனிக்கும் இடையே சமரசம் பேச முன்வந்தார். அதன் விளைவே 1782 மே 17-ஆம் நாள் கையெழுத்தான சால்பாய் உடன்படிக்கை. ரகுநாதராவுக்கு அளித்த ஆதரவைக் கம்பெனி கைவிட்டது. வசாய் உள்ளிட்ட பகுதிகள் மராத்தியருக்குத் திரும்பின. இவற்றுக்கு ஈடாக, ஐதர் புதிதாகக் கைப்பற்றிய பகுதிகளை அவர் திருப்பித் தரச் செய்யும் பொறுப்பை பேஷ்வா ஏற்றுக்கொண்டார். நட்பு அரசாக இருந்த புனே, மைசூரை நிர்ப்பந்திக்கும் கடமையை ஏற்ற அரசாக மாறியது.

நானா பட்னாவிஸ் இவ்வுடன்படிக்கைக்கு உடனே ஒப்புதல் அளிக்கவில்லை. பல மாதங்கள் காலம் தாழ்த்தினார். 1782 டிசம்பர் 7-ஆம் நாள் சித்தூருக்கு அருகே ஐதர் அலி காலமானார். அந்த மாதத்திலேயே புனேயின் ஒப்புதலும் கிடைத்தது. தனித்து விடப்பட்ட திப்பு சுல்தான் பிரெஞ்சு உதவியுடன் போரைத் தொடர்ந்தார். 1783-இல் ஐரோப்பாவில் பிரிட்டனுக்கும் பிரான்சுக்கும் சமாதானம் ஏற்பட்ட செய்தி வந்ததும் அவ்வுதவியும் நின்றது. 1784 மார்ச் 11-ஆம் நாள் மங்களூர் உடன்படிக்கையுடன் போர் முடிவுற்றது. இரு தரப்பினரும் வென்ற பகுதிகளைத் திருப்பியளித்துக்கொண்டனர்.

முறிவுக்கான காரணங்கள்

இந்நிகழ்ச்சிகளைத் துரோகம் என்ற ஒரு சொல்லால் விளக்கிவிடுவது எளிது. ஆனால் ஒவ்வோர் அரசின் நிலையிலிருந்து பார்த்தால் அதன் முடிவுக்குக் காரணம் தெரியும். புனே ஏழு ஆண்டுகளாகப் போரிட்டுக் களைத்திருந்தது. நிஜாமுக்குக் கம்பெனியைக் காட்டிலும் வலிமை பெற்ற மைசூரே அண்மையிலிருந்த அச்சம். மராத்தியருக்கும் மைசூருக்கும் இடையே எல்லைத் தகராறு நெடுநாளாக இருந்து வந்தது. உடன்பாடு அதனைத் தள்ளிப்போட்டதே தவிரத் தீர்க்கவில்லை.

பொருளியல் நோக்கில் மூன்று குறைபாடுகளைக் காணலாம். முதலாவது, கூட்டு நன்மை தொலைவில் இருந்தது; தனி நன்மை கையருகே இருந்தது. கம்பெனியின் விரிவு தடுக்கப்படுவது எல்லாருக்கும் பொதுவான நன்மை. அது எப்போது கிட்டும் என்பது நிச்சயமில்லை; போராடாதவரும் அதில் பயன் பெறுவார். குண்டூரின் வருவாயோ அந்த ஆண்டே கருவூலத்துக்கு வரக்கூடியது. பொது நன்மைக்கான செலவைப் பிறர்மீது சுமத்தும் போக்கு எந்தக் கூட்டு முயற்சியிலும் இயல்பானது.

இரண்டாவது, சுமை சமமாகப் பகிரப்படவில்லை. மைசூரும் புனேயும் முழு அளவில் போரிட்டன. நிஜாமும் நாகபுரியும் ஏறக்குறைய செலவின்றியே இருந்தன. பங்காற்றாதவரிடம் கணக்குக் கேட்கும் ஏற்பாடு எதுவும் கூட்டணியில் இல்லை.

மூன்றாவதும் முதன்மையானதுமான குறைபாடு, தனிச் சமாதானத்தைத் தடுக்கும் உறுதியான ஏற்பாடு இல்லாமை. உறுப்பினர் ஒவ்வொருவருடைய குறையும் வேறாக இருந்ததால், ஒவ்வொன்றையும் தனியே தீர்த்துவிட முடிந்தது. ஹேஸ்டிங்ஸ் கூட்டணி முழுவதையும் வெல்ல வேண்டியிருக்கவில்லை. ஒவ்வோர் உறுப்பினரின் விலையை அறிவதே போதுமானதாக இருந்தது.

எதிர்த்தரப்பு கற்றுக்கொண்ட பாடம்

பத்து ஆண்டுகளுக்குப் பின் இதே மூன்று குறைபாடுகளையும் நீக்கிய ஒரு கூட்டணி உருவாயிற்று. ஆனால் அது மைசூருக்கு எதிராக உருவாயிற்று. 1789 டிசம்பர் இறுதியில் திப்பு சுல்தான் திருவிதாங்கூர் எல்லை அரணைத் தாக்கியதை அடுத்து, காரன்வாலிஸ் பிரபு 1790 ஜூனில் புனேயுடனும் ஜூலையில் நிஜாமுடனும் உடன்படிக்கை செய்துகொண்டார். வெல்லப்படும் பகுதிகள் மூவருக்கும் சமமாகப் பங்கிடப்படும்; சமாதானம் மூவரின் இசைவுடனேயே செய்யப்படும்; பின்னர் திப்பு எவரையேனும் தாக்கினால் மற்றவர் துணை நிற்பர் என்பவை அதன் சாரம். ஆதாயப் பங்கும், தனிப் பேரத்துக்குத் தடையும், பிற்காலப் பாதுகாப்பும் எழுத்தில் இடம்பெற்றன.

மூவருக்கும் இடையே ஐயங்களும் உரசல்களும் இருந்தன. எனினும் கூட்டணி இறுதிவரை நிலைத்தது. 1792 மார்ச்சில் செய்யப்பட்ட ஸ்ரீரங்கப்பட்டணம் உடன்படிக்கையின்படி, திப்பு தம் நாட்டில் ஏறத்தாழப் பாதியையும் 3 கோடியே 30 லட்சம் ரூபாயையும் இழந்தார். தம் மைந்தர் இருவரைப் பிணையாக அனுப்பினார்.

ஆயினும் நல்ல விதிகள் மட்டுமே ஒரு கூட்டணியை அதன் உறுப்பினர்களுக்குப் பயனுள்ளதாக்கிவிடுவதில்லை என்பதை அடுத்த பத்தாண்டு காட்டிற்று. 1795-இல் கர்டாவில் மராத்தியர் நிஜாமைத் தோற்கடித்தபோது கம்பெனி ஒதுங்கி நின்றது. பாதுகாப்பு வேண்டிய நிஜாம், 1798 செப்டம்பரில் துணைப்படை ஒப்பந்தத்தில் சேர்ந்தார். 1799 மே 4-ஆம் நாள் ஸ்ரீரங்கப்பட்டணம் வீழ்ந்தது. திப்பு போரில் மாண்டார். உடையார் வம்சத்தின் ஐந்து வயதுக் குழந்தையான மூன்றாம் கிருஷ்ணராஜ உடையார் அரியணையில் அமர்த்தப்பட்டார். புதிய மைசூர் அரசு ஆண்டுக்கு 7 லட்சம் வராகன் படைச் செலவாகத் தர வேண்டும். கம்பெனியின் அறிவும் இசைவுமின்றிப் பிற அரசுகளுடன் எவ்விதத் தொடர்பும் கொள்ளக் கூடாது. வெளியுறவுக் கொள்கை என்ற ஒன்றே அவ்வரசுக்கு இல்லாமற்போயிற்று.

வென்ற கூட்டாளிகளின் நிலையும் மேம்படவில்லை. நிஜாம் 1792-இலும் 1799-இலும் மைசூரிலிருந்து பெற்ற பகுதிகளை, தம் நாட்டில் தங்கிய கம்பெனிப் படையின் செலவுக்காக 1800-இல் கம்பெனிக்கே அளித்தார். பெல்லாரி, கடப்பை, அனந்தப்பூர்ப் பகுதிகள் ‘அளிக்கப்பட்ட மாவட்டங்கள்’ எனப் பெயர் பெற்றது இவ்வாறே. 1802-ஆம் ஆண்டின் கடைசி நாளில் பேஷ்வாவும் வசாய் உடன்படிக்கையின் மூலம் துணைப்படையை ஏற்றார். 1780-இல் கம்பெனியுடன் சமநிலையில் நின்று பேசிய மூன்று அரசுகளும் இருபத்திரண்டு ஆண்டுகளில் அந்நிலையை இழந்தன. குண்டூரும் பணமும் வசாயும் அன்றைய கணக்கில் ஆதாயம்; நீண்டகாலக் கணக்கில் அவை எதற்கு ஈடாகப் பெறப்பட்டன என்பது பின்னரே புலனாயிற்று.

சார்க் அமைப்பும் பெங்களூர் மாநாடும்

அக்காலக் கூட்டணிகள் போருக்காக ஏற்பட்டவை; இன்றைய வட்டார அமைப்புகள் வளர்ச்சிக்காக ஏற்பட்டவை. இவ்வேறுபாட்டை மறக்கலாகாது. எனினும் தனி நலனுக்கும் கூட்டு நிலைப்பாட்டுக்கும் இடையே உள்ள இழுவிசை மாறவில்லை. இதற்குச் சார்க் எனப்படும் தெற்காசியக் கூட்டுறவு அமைப்பே சான்று.

1985 டிசம்பர் 8-ஆம் நாள் டாக்காவில் ஏழு நாடுகள் அதன் சாசனத்தில் கையெழுத்திட்டன. இரண்டாவது உச்சி மாநாடு 1986 நவம்பர் 16, 17 ஆகிய நாட்களில் பெங்களூரில் நடைபெற்றது. நிரந்தரச் செயலகம் அமைப்பதற்கான உடன்பாடு அங்கேதான் கையெழுத்தாயிற்று. 1987 ஜனவரியில் காத்மாண்டுவில் செயலகம் தொடங்கியது.

சாசனத்தின் பத்தாவது விதி மிக முக்கியமானது. எல்லா நிலைகளிலும் முடிவுகள் ஒருமனதாகவே எடுக்கப்பட வேண்டும் என்றும், இரு நாடுகளுக்கு இடையேயான பிரச்சினைகளும் சர்ச்சைக்குரிய பொருள்களும் விவாதத்தில் இடம்பெறலாகாது என்றும் அது கூறுகிறது. பரப்பிலும் மக்கள்தொகையிலும் பொருளாதாரத்திலும் பிற உறுப்பினர் அனைவரையும்விடப் பெரிய நாடு இந்தியா. பெரும்பான்மை வாக்கு முறை இருந்திருந்தால், அண்டை நாடுகள் ஒன்றுசேர்ந்து தனக்கு எதிராக முடிவெடுக்குமோ என்ற கவலை இந்தியாவுக்கும், இந்தியாவின் எடைக்குத் தாங்கள் பணிய நேருமோ என்ற கவலை பிற நாடுகளுக்கும் இருந்திருக்கும். இவ்விதி இரு கவலைகளுக்கும் அரணாயிற்று.

அந்த அரணுக்கு விலையும் உண்டு. ஒருவர் உடன்படாவிட்டால் அனைவரும் நிற்க வேண்டும். 2004-இல் கையெழுத்தாகி 2006-இல் நடைமுறைக்கு வந்த தெற்காசியத் தடையற்ற வணிக உடன்பாட்டிற்குப் பிறகும், இவ்வட்டார நாடுகளின் மொத்த வணிகத்தில் தம்முள் நடைபெறுவது சுமார் 5 விழுக்காட்டளவிலேயே நிற்கிறது. 2014 நவம்பரில் காத்மாண்டுவில் நடந்த பதினெட்டாவது உச்சி மாநாட்டில் மோட்டார் வாகனப் போக்குவரத்து உடன்பாடு பாகிஸ்தானின் இசைவின்மையால் நிறைவேறவில்லை. 2016-இல் இஸ்லாமாபாத்தில் நடைபெற இருந்த மாநாடு நடைபெறவேயில்லை. அதன்பின் உச்சி மாநாடு கூடவில்லை.

விலக்கிவைக்கப்பட்ட பொருள்கள் மறைந்துவிடுவதுமில்லை. 1986 பெங்களூர் மாநாட்டையொட்டி இந்தியத் தலைவர்களும் இலங்கைத் தலைவர்களும் இலங்கை இனப் பிரச்சினை குறித்துத் தனியே பேச்சு நடத்தினர். மேடையில் பேச இயலாததை மேடைக்கு வெளியே பேச அம்மாநாடு வாய்ப்பளித்தது. கூட்டமைப்பு ஒன்றின் பயனை அதன் தீர்மானங்களைக் கொண்டு மட்டும் அளக்கலாகாது என்பதற்கு இது எடுத்துக்காட்டு.

பொது நிலைப்பாடு கைகூடிய துறைகளும் உள்ளன. 2010-இல் திம்பு மாநாடு காலநிலை மாற்றம் குறித்துத் தனி அறிக்கை வெளியிட்டது. கடல்மட்ட உயர்வால் அச்சுறுத்தப்படும் மாலத்தீவின் நலனும், மின்னாற்றல் பெருக்கத்தை நாடும் இந்தியாவின் நலனும் ஒன்றல்ல. ஆனால் இரண்டுக்கும் பொதுவான பகுதி இருந்தது. 2020 மார்ச்சில் கொரோனா தொற்றின்போது அவசர நிதி ஒன்றை இந்தியா முன்மொழிந்து, தன் பங்காக 1 கோடி டாலர் அளிக்க முன்வந்தது. நோக்கம் குறுகியதாகவும் பங்களிப்பு அவரவர் விருப்பத்துக்கு உரியதாகவும் இருந்ததால், பிற நாடுகளும் பங்கு கொண்டன.

பிற அமைப்புகள் கண்ட வழிகள்

ஒருமித்த கருத்து என்ற விதி ஆசியானிலும் உண்டு. 2012 ஜூலையில் நோம்பென்னில் கூடிய அதன் வெளியுறவு அமைச்சர்கள், தென்சீனக் கடல் தொடர்பான கருத்து வேறுபாட்டால், கூட்டறிக்கை வெளியிட இயலாமல் கலைந்தனர். 45 ஆண்டுகளில் அதுவே முதன்முறை.

ஐரோப்பிய ஒன்றியம், 1992-இல் கையெழுத்தாகி 1993 நவம்பரில் நடைமுறைக்கு வந்த மாஸ்ட்ரிக்ட் உடன்படிக்கையின் மூலம் பொது வெளியுறவு, பாதுகாப்புக் கொள்கையை ஏற்படுத்திக்கொண்டது. முக்கிய முடிவுகளுக்கு ஒருமனதான இசைவு அங்கும் தேவை. எனினும் 1997-ஆம் ஆண்டு ஆம்ஸ்டர்டாம் உடன்படிக்கை ஒரு நடுவழியைச் சேர்த்தது. ஒரு முடிவை ஏற்க இயலாத நாடு, அதைத் தடுக்காமல் வாக்களிப்பிலிருந்து விலகி நிற்கலாம். அம்முடிவைச் செயற்படுத்தும் கடமை அதற்கு இல்லை. ஆனால் அம்முடிவு ஒன்றியத்தைக் கட்டுப்படுத்துகிறது என்பதை அது ஏற்க வேண்டும். முடிவுக்கு முரணாகவும் நடந்துகொள்ளலாகாது. விலகி நிற்கும் உரிமையும் குலைக்காதிருக்கும் கடமையும் இவ்வாறு ஒன்றோடொன்று இணைக்கப்பட்டன. 1780-இல் நிஜாமிடம் முதலாவது இருந்தது, இரண்டாவது இல்லை.

தெற்காசியாவில் மேற்கொள்ளப்பட்ட வழி, இயன்ற நாடுகள் மட்டும் முன்செல்வது. 2015 ஜூனில் வங்கதேசம், பூட்டான், இந்தியா, நேபாளம் ஆகிய நான்கும் திம்புவில் மோட்டார் வாகன உடன்பாட்டில் கையெழுத்திட்டன. இங்கும் பூட்டான், தன் சாலைகளும் சுற்றுச்சூழலும் தாங்குமா என்ற உள்நாட்டுக் கவலையால் ஒப்புதல் அளிக்கவில்லை; ஏனைய மூன்றும் தம்முள் செயற்படுத்த அது இசைவளித்தது. ஒரு சிறு நாட்டின் நலனும் காக்கப்பட்டது, பணியும் நின்றுவிடவில்லை.

நான்கு அளவுகோல்கள்

மேற்கண்டவற்றிலிருந்து, எந்தக் கூட்டு வெளியுறவு ஏற்பாட்டையும் மதிப்பிட நான்கு அளவுகோல்களை மாணவர்களும் அதிகாரிகளும் பயன்படுத்தலாம்.

முதலாவது, பொதுவான பகுதி எது என்பது வரையறுக்கப்பட்டுள்ளதா? எல்லாவற்றிலும் ஒரே கொள்கை என்பதைவிட, நலன்கள் ஒன்றுபடும் சில துறைகளில் உறுதியான கொள்கை நிலைக்கும்.

இரண்டாவது, செலவும் பயனும் எவ்வாறு பங்கிடப்படுகின்றன? அதிகச் சுமை தாங்கும் உறுப்பினருக்கும், மிகச் சிறிய உறுப்பினருக்கும் அப்பங்கீடு நியாயமாகத் தோன்ற வேண்டும்.

மூன்றாவது, வெளியிலுள்ள வல்லமை ஒன்று ஓர் உறுப்பினரைத் தனியே அணுகினால் என்ன நடைமுறை? தனி உறவு கொள்ளும் உரிமையை எந்த இறைமை நாடும் கைவிடாது. ஆனால் அதனைப் பிறருக்கு முன்கூட்டியே அறிவிப்பதும், கூட்டு முடிவுக்கு ஊறு விளைவிக்காததும் கடமையாக்கப்படலாம்.

நான்காவது, உறுப்பினர்களுக்கு இடையே உள்ள தகராறுகள் தீர்வை நோக்கிச் செல்கின்றனவா, வெறுமனே ஒத்திவைக்கப்படுகின்றனவா? ஒத்திவைக்கப்பட்ட எல்லைத் தகராறே புனேயையும் ஸ்ரீரங்கப்பட்டணத்தையும் பிரித்தது.

தேச நலனைக் காப்பது ஒவ்வோர் அரசின் முதற்கடமை என்பதில் ஐயமில்லை. ஆனால் அந்த நலனை எத்தனை ஆண்டுக் கணக்கில் மதிப்பிடுவது என்பதே கேள்வி. 1780-இல் ஓராண்டுக் கணக்குப் பார்த்த அரசுகள் இருபதாண்டுக் கணக்கில் தம் சுதந்திரத்தையே இழந்தன. கூட்டமைப்பின் மேசையில் அமரும் அதிகாரி தன் நாட்டின் குறிப்புக் கோப்போடு இந்த நீண்டகாலக் கணக்கையும் எடுத்துச் செல்வாராயின், விட்டுக்கொடுக்க வேண்டியது எது, விட்டுக்கொடுக்கலாகாதது எது என்பது அவருக்குத் தெளிவாகும்.